ஒலிபெருக்கி இல்லாத ஒரு மாலை வேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணத்தில் ‘கார்னிவல்’ என்ற சொல்லைக் கேட்டதும் எங்களுக்கு நினைவில் வருவது, மைதானத்தைச் சுற்றித் தகரம் அடைத்து, வாசலில் நுழைவுச்சீட்டு விற்று, உள்ளே இராட்டினமும் மரணக்கிணறும் இசைக்குழுவுமாக நடத்தப்படும் களியாட்ட விழாதான். அச்சொல்லுக்கு உரிய பழைய விழாக்களில் ஒன்றை, ஸ்பெயின் நாட்டின் தென்மேற்குக் கரையிலுள்ள காதிஸ் நகரில், இவ்வாண்டு ஐந்து நாட்கள் தெருவில் நின்று பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. பார்த்ததைச் சொல்லவும், அதனால் மனத்தில் எழுந்த ஒரு கோரிக்கையை எமது சனசமூக நிலையங்கள், ஆலய, தேவாலய விழாக் குழுக்கள் முன் வைக்கவும் தங்கள் பத்திரிகையில் சிறிது இடம் வேண்டுகிறேன்.

நான் குருநகரில் கடற்றொழில் செய்த ஒரு குடும்பத்தில் பிறந்தவன். என் தகப்பனார் பகலில் வலை பொத்திவிட்டு இரவில் கூத்துப் பழக்கிய அண்ணாவியார். நான் பள்ளிக்கூட ஆசிரியனாக இருந்து ஓய்வுபெற்றவன். பிரான்சில் இருக்கும் மகளிடம் போயிருந்த சமயம், மருமகனோடு வேலை செய்யும் காதிஸ் ஊரவர் ஒருவர் தம் பெற்றோர் வீட்டில் தங்கலாம் என்று அழைத்ததால், பேரப்பிள்ளைகளின் பாடசாலை விடுமுறைக்கு எல்லோருமாகப் புறப்பட்டோம். எனக்கு ஸ்பானிய மொழி ஒரு சொல்லும் தெரியாது. அந்த நண்பர் பாட்டின் பொருளைப் பிரெஞ்சில் சொல்ல, மகள் அதை என் காதில் தமிழில் சொல்லுவாள். இரண்டு கை மாறி வந்த அந்தப் பொருளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

செவில் நகரிலிருந்து புகையிரதம் காதிசை நெருங்கும்போது இருபுறமும் உப்பளங்கள் விரிந்தன. ஆனையிறவைக் கடக்கும்போது எழுந்து நின்று யன்னலால் பார்ப்பது போலவே நானும் எழுந்து பார்த்தேன். அதன்பின் நிலம் ஒடுங்கி ஒரு பட்டியாகி, அதன் நுனியில் கடல் சூழ்ந்தபடி நகரம் வந்தது. பினீசிய வணிகர்கள் ஏறத்தாழ 3000 ஆண்டுகளுக்கு முன் நிறுவிய துறை என்று அதைச் சொல்வார்கள். பிற்காலத்தில் அமெரிக்கக் கண்டத்துடனான ஸ்பானிய வாணிபத்தின் பெரும்பகுதி இத்துறையால் நடந்ததும், 1812இல் அந்நாட்டின் முதலாவது அரசியலமைப்பு இங்கே வைத்து எழுதப்பட்டதும் வரலாறு. இன்று அது செல்வம் கொழிக்கும் ஊர் அல்ல. வேலையின்மை ஸ்பெயினிலேயே மிகக் கடுமையாக இருக்கும் மாகாணங்களில் காதிசும் ஒன்று. இதனை முதலில் சொல்லிவிடுவது நல்லது. ஏனெனில், பணம் உள்ள ஊர்கள்தான் இப்படிக் கொண்டாட முடியும் என்று எங்களில் சிலர் நினைப்பதுண்டு.

கத்தோலிக்கரின் தவக்காலம் தொடங்குவதற்கு முன்பு வருவது கார்னிவல். காதிசில் அது திருநீற்றுப் புதனோடு முடிவதில்லை, அடுத்துவரும் ஞாயிறு வரை நீள்கிறது. புதன்கிழமை காலையில் லா வீன்யா என்னும் மீனவர் பகுதியில், பனைமரத்து மாதா பெயரால் அமைந்த தெருவில் உள்ள தேவாலயத்தில் நான் பூசை கண்டேன். 1755இல் லிஸ்பன் நிலநடுக்கத்தின்போது பொங்கி வந்த கடல் இந்தத் தெருவில்தான், மாதாவின் கொடியை எடுத்துவந்த குருவின் முன் நின்றது என்று அவ்வூரார் நம்புகிறார்கள். நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வெளியே வந்தால், தேவாலயப் படிக்கட்டிலேயே ஒரு பாட்டுக் குழு நின்று பாடிக்கொண்டிருந்தது. தவக்காலத்தில் இது எனக்கு முதலில் மனத்தாங்கலாகவே இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் என்னோடு பூசை கண்ட முதியவர்களும் நெற்றிச் சாம்பலோடு அங்கேயே நின்று கேட்டார்கள்.

அந்தக் குழுவைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏழு பெண்கள், ஒருவருக்கு அறுபது வயதுக்குக் குறையாது. மீன் சந்தையில் ஐஸ் போட்டு மீன் அடுக்கும் வெள்ளை ரெஜிபோம் பெட்டிகளை வெட்டி, கழுத்துக்கும் கைக்கும் ஓட்டை விட்டு, சட்டை போல அணிந்திருந்தார்கள். தலையில் வலைத்துண்டு. ஒருவர் கையில் கிற்றார், ஒருவரிடம் பெரிய மேளம், இன்னொருவரிடம் சிறு பறை. மற்றவர்கள் நாணல் துண்டால் செய்த ஒரு சிறு ஊதியை வாயில் வைத்திருந்தார்கள். அதன் ஒரு முனையில் மெல்லிய கடதாசி ஒட்டியிருக்கும். அதற்குள் பாடினால் கடதாசி அதிர்ந்து குரல் இரைகிறது. முதல் தடவை அதைக் கேட்டபோது, பொங்கல் காலத்தில் வல்வெட்டித்துறைக் கரையில் விண் பூட்டி ஏற்றிய பட்டங்கள் கூவுகிற சத்தம் என் காதுக்கு வந்தது. என் பேரன் ஒன்று வாங்கினான். அரை மணித்தியாலத்தில் கடதாசி நனைந்து கிழிந்துவிட, பக்கத்தில் நின்ற கிழவர் ஒருவர் தம் சட்டைப்பையிலிருந்து சிகரெட் சுற்றும் தாளை எடுத்து, கிழித்து, எச்சில் தொட்டு ஒட்டிக் கொடுத்தார். பூவரசம் இலையில் பீப்பீ சுற்றிக் கொடுத்த கைகள் எனக்கு நினைவில் வந்தன.

அவர்களிடம் ஒலிவாங்கியோ பெட்டியோ இல்லை. பாடத் தொடங்குமுன் ஒரு பெண் கையை உயர்த்தினாள். கூட்டம் தானாகவே ஒருவரை ஒருவர் ‘ஷ்’ என்று அடக்கியது. சுமார் நூறு பேர், தெருவின் முழு அகலத்தையும் அடைத்து, மூச்சுச் சத்தம் மட்டும் கேட்க நின்றார்கள். பாட்டின் பொருள் இது: ஓர் அம்மம்மா தான் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வருகிறாள். கதவில் எண் அழுத்தித் திறக்கும் ஒரு சிறு திறப்புப் பெட்டி தொங்குகிறது. நேற்று வந்த உல்லாசப் பயணிக்கு அந்த எண் தெரியும், அவளுக்குத் தெரியாது. அவள் தன் பிறந்த ஆண்டை அழுத்திப் பார்க்கிறாள், பிள்ளைகளின் பிறந்த ஆண்டுகளை அழுத்துகிறாள், கணவன் கடலோடு போன ஆண்டையும் அழுத்துகிறாள், கதவு திறக்கவில்லை. கடைசியில் வரும் இரண்டடியைக் கூட்டம் முழுவதும் சேர்ந்து திரும்பப் பாடியது, எங்கள் கூத்தில் பிற்பாட்டுக்காரர் எடுப்பது போலவே. சிரித்துக்கொண்டு பாடியவர்கள் சிலரின் கண்கள் கலங்கியிருந்தன. பழைய நகரின் வீடுகள் ஒவ்வொன்றாகப் பயணிகளுக்கு வாடகைக்குப் போய், ஊரவர் வெளியேற நேர்வதே அந்த நகரத்தவரின் இன்றைய பெரிய கவலைகளில் ஒன்று என்று நண்பர் விளக்கினார்.

இப்படித் தெருவில் மட்டும் பாடும் குழுக்களை அவ்வூரில் ‘சட்டவிரோதக் குழுக்கள்’ என்று அழைக்கிறார்கள். குற்றம் எதுவும் செய்ததனால் வந்த பெயரல்ல. அதிகாரபூர்வமான போட்டியில் பெயர் பதியாதவர்கள் என்பதே பொருள். அந்தப் போட்டி நகரின் ஃபாயா அரங்கில் நடைபெறுகிறது. 1876இல் அந்நகரில் பிறந்த இசையமைப்பாளர் மனுவேல் தெ ஃபாயாவின் பெயரைத் தாங்கிய செங்கல் கட்டடம் அது. நூற்றுக்கும் அதிகமான குழுக்கள் வாரக்கணக்காக அங்கே பாடுகின்றன. இறுதிச் சுற்று கார்னிவலுக்கு முந்திய வெள்ளி இரவு தொடங்கி விடியும் வரை போகும். பத்துப் பன்னிரண்டு பேர் கூடி நகைச்சுவையாய்ப் பாடுவது சிரிகோத்தா. சற்றுப் பெரிதாய், உருக்கமும் கவித்துவமும் கூடியது கொம்பர்சா. ஏறத்தாழ நாற்பது பேர் கிற்றார், பந்தூரியா முதலிய நரம்பிசைக் கருவிகளோடு பாடுவது கோரோ. மூன்று நான்கு பேர் எதுகையோடு பேசி நடிக்கும் வகையும் உண்டு. இவை தவிர, வரைந்த படங்களைத் தட்டியில் ஒட்டி, கம்பால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் கதை சொல்லும் தனிமனிதர்களையும் மூலைக்கு மூலை கண்டேன். வில்லிசையில் கதை சொன்ன எங்கள் கலைஞர்கள் அவர்களை உடனே இனங்கண்டிருப்பார்கள்.

ஞாயிறன்று மத்திய சந்தையைச் சுற்றி, உழவு இயந்திரங்கள் இழுத்த தட்டுவண்டிகளில் கோரோக்கள் மெல்ல நகர்ந்தபடி பாடின. சந்தையில் பொரித்த மீனைக் கடதாசிச் சுருளில் வாங்கித் தின்றுகொண்டு நாங்கள் ஒரே இடத்தில் நிற்க, பாட்டு ஒவ்வொன்றாய் எங்களிடம் வந்தது. குழுக்கள் தம் பாடல்களைச் சிறு புத்தகமாக அச்சடித்து அங்கேயே கையில் கொடுத்து விற்கின்றன. அண்ணாவிமாரின் கூத்துக் கொப்பிகளைத் தொட்டு வளர்ந்த எனக்கு, அந்தப் புத்தகங்களில் நான்கை வாங்காமல் வர முடியவில்லை.

என்னை வியக்க வைத்தது, இந்தப் பாட்டுகள் அனைத்தும் அந்த ஓராண்டுக்கென்றே எழுதப்பட்டவை என்பது. அடுத்த ஆண்டு குழுவின் பெயரும் மாறும், வேடமும் மாறும், பாட்டும் புதிது. துறைமுகத் தொழிலாளி, தாதி, வெதுப்பகக்காரர், பாடசாலை ஆசிரியை என எல்லோரும் வேலை முடிந்து இரவில் கூடி மாதக்கணக்காகப் பழகுகிறார்கள். ஊரில் நடந்த எதுவும் பாட்டுக்கு வெளியே நிற்பதில்லை, ஆட்சியில் இருப்பவர்களும் கூட. 1904இல் அந்நகரக் கடற்கரை மணலில் பழைய வெள்ளி நாணயங்கள் வெளிப்பட, ஊரே திரண்டோடித் தோண்டியதாம். மறு ஆண்டுக் கார்னிவலுக்கு, ‘சுண்ணக்கட்டி மாமா’ என்ற பட்டப்பெயரால் அறியப்பட்ட அந்தோனியோ ரொட்ரிகஸ் மார்த்தினஸ் அந்த அமளியைப் பாட்டாக்கினார். நூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் அந்தப் பாட்டுத்தான் காதிசின் ஊர்ப்பாடல். ஞாயிறன்று அது எழும்பியபோது சந்தைக்குள் மீன் நிறுத்துக்கொண்டிருந்தவரும் தராசைக் கீழே வைத்துவிட்டுப் பாடினார்.

இந்தப் பாட்டுகளை ஒருகாலத்தில் தடை செய்திருந்தார்கள். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1937இல் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சி கார்னிவலை நிறுத்தியது. முகமூடியும் நையாண்டியும் ஆட்சிக்கு ஆகாதவை. மதுச்சாலைகளின் பின்னறைகளிலும் வீடுகளிலும் தெரிந்தவர்கள் மட்டும் கூடி மெதுவாகப் பாடினார்கள். 1947 ஆகஸ்ட் 18இல் கடற்படையின் வெடிபொருள் கிடங்கு வெடித்து நகரின் ஒரு பகுதி சிதறியது. ஏறத்தாழ 150 பேர் மாண்டனர். அந்தத் துயரத்திலிருந்து ஊரைத் தேற்ற வேண்டும் என்று, மறு ஆண்டு கோரோக்களைப் பாட விட்டார்கள். கார்னிவல் என்ற பெயருக்கு அனுமதி இல்லை, பாட்டு வரிகள் தணிக்கைக்குப் போக வேண்டும், பின்னாளில் விழாவை மே மாதத்துக்கே தள்ளிவிட்டார்கள். பிராங்கோ இறந்தது 1975இல். 1977இல்தான் கார்னிவல் தன் சொந்தப் பெயரோடும் சொந்த மாதத்தோடும் தெருவுக்குத் திரும்பியது. கணக்கிட்டால் 40 ஆண்டுகள். நாங்கள் தங்கிய வீட்டின் தாயார், தம் தகப்பன் பாத்திரம் கழுவும்போது மட்டும் பாடிய ஒரு பழைய பாட்டை எங்களுக்குப் பாடிக் காட்டினார். தண்ணீர் விழும் சத்தத்தில் வெளியே கேளாது என்பதற்காக அப்படிப் பாடுவாராம்.

அவர் பாடி முடித்ததும் நான் வெகுநேரம் பேசவில்லை. விடியவிடிய ஆடும் கூத்து, ஊரடங்குச் சட்டம் வந்த நாளோடு எங்கள் கரையில் ஒடுங்கிப் போனதை நானும் பார்த்தவன். 1995 இடப்பெயர்வில் நாங்கள் சாவகச்சேரிப் பக்கம் நடந்தபோது, தகப்பனாரின் கொப்பிகள் பதினொன்றும் வீட்டு மரப்பெட்டியிலேயே இருந்தன. திரும்பி வந்தபோது பெட்டியே இல்லை. அவர் நினைவிலிருந்து இரண்டு கூத்துகளை எனக்குச் சொல்லி எழுதுவித்தார். மற்றவை அவரோடு போயின.

எங்கள் கலை அழிந்துவிட்டது என்று நான் எழுதவில்லை, அது உண்மையுமன்று. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் கூத்தைப் புதிய அரங்கில் ஏற்றினார். திருமறைக் கலாமன்றம் 1965 முதல் இயங்கி வருகிறது. நடிகமணி வி. வி. வைரமுத்துவின் அரிச்சந்திரனைப் பார்த்தவர்கள் இன்னும் எங்களிடையே இருக்கிறார்கள். காத்தவராயன் கூத்து இன்றும் பல ஊர்களில் ஆடப்படுகிறது. பழைய கதைகளைக் காப்பாற்றும் பணியில் பலர் உழைக்கிறார்கள், அவர்களை வணங்குகிறேன். இல்லாமற் போனது வேறொன்று. இசை நாடகத்தில் பபூன் மேடைக்கு வந்து, அந்தக் கிழமை சந்தையில் நடந்ததையும் சங்கத் தலைவர் செய்ததையும் தாளத்தோடு சொல்லிவிட்டுப் போவார். கூத்தின் கோமாளிக்கும் அந்த உரிமை இருந்தது. ஊர் தன்னைப் பற்றித் தானே பாடிக் கேட்ட இடம் அது. சிறுவனாக இருந்தபோது, வலையில் திருக்கை அகப்பட்டதாகப் பொய் சொன்ன ஒரு சம்மாட்டியாரைப் பற்றி என் தகப்பனார் கட்டிய நாலடியை, அந்தச் சம்மாட்டியாரே முன் வரிசையில் இருந்து தொடையில் தட்டிக் கேட்டதைப் பார்த்திருக்கிறேன்.

இன்று எங்கள் விழாக்களில் அதற்கு இடமில்லை. கடந்த ஆண்டு குடாநாட்டில் நடந்த ஒரு விழாவில், மாலை ஆறு மணிக்கு என்று அழைக்கப்பட்ட முதிய கலைஞர்கள் நால்வர், மத்தளத்தோடும் சல்லாரியோடும் மேடைக்குப் பின்னால் ஒன்பது மணி வரை கதிரையில் இருந்தார்கள். வெளியிலிருந்து வந்த இசைக்குழுவின் ஒலிச் சோதனை முடியவில்லை. கடைசியில் பத்து நிமிடம் கொடுத்தார்கள். ஏழாவது நிமிடத்தில் ஒலிவாங்கி நிறுத்தப்பட்டது. அவர்களில் மூத்தவர் ஒலிவாங்கி இல்லாமலே தொடர்ந்து பாடினார். மூன்றாவது வரிசைக்கு மேல் எவருக்கும் கேட்கவில்லை, ஏனென்றால் பக்கத்தில் ஐஸ்கிறீம் வாகனத்தின் ஒலிபெருக்கி இரைந்துகொண்டிருந்தது. நான் நான்காவது வரிசையில் இருந்தேன்.

காதிசில் எல்லாம் நன்று என்றும் சொல்ல மாட்டேன். முதற் சனிக்கிழமை இரவு, வெளியூர்களிலிருந்து பேருந்துகளில் வந்திறங்கிய இளைஞர் கூட்டம் குடித்துக் கும்மாளமடித்து, சந்துகளில் போத்தல்களை உடைத்து, சுவரோரங்களை நாற வைத்தது. பிள்ளைகளோடு போன நாங்கள் ஒன்பது மணிக்கே வீடு திரும்பினோம். அந்த இரவு தங்களுடையதல்ல என்று கூறி ஊரவர் பலர் வெளியே வருவதே இல்லையாம். அதை நாம் இங்கே கொண்டுவர வேண்டியதில்லை, முகமூடியும் வேடமும் கூட வேண்டியதில்லை.

எனது கோரிக்கை சிறியது. வரும் தைப்பொங்கலை அடுத்துவரும் ஒரு சனிக்கிழமை மாலை, குடாநாட்டில் விரும்பும் ஊர் ஒவ்வொன்றும் ஓர் ஒழுங்கையை வாகனங்களுக்கு மூடி, ஒலிபெருக்கி எதுவும் இல்லாமல் விடட்டும். மேடை வேண்டாம், கோயில் வாசற்படி, வாசிகசாலைத் திண்ணை, கிணற்றுக்கட்டு போதும். பாட விரும்புகிறவர்கள் ஐந்து பேரோ பத்துப் பேரோ கூடி, கடந்த ஓராண்டில் தம் ஊரில் நடந்ததைப் பற்றித் தாமே கட்டிய பாட்டைப் பாடட்டும். கூத்து மெட்டு, சிந்து, அம்பாப் பாட்டு, வில்லிசை, எதுவானாலும் சரி. இழுவைப் படகுகள் அறுத்துப்போன வலை, சின்ன வெங்காயத்தின் விலை, கிணற்றில் ஏறிவரும் உவர், ஒரே வகுப்பில் இருந்து ஒரே ஆண்டில் வெளிநாடு போன ஆறு பிள்ளைகள், இவை எல்லாம் பாட்டுக்குக் காத்திருக்கின்றன. தனிமனிதரை இழிவுபடுத்தும் வரி கூடாது என்ற ஒரு விதி போதும். முதல் சில ஆண்டுகளுக்குப் பரிசும் வேண்டாம், பிரதம விருந்தினரும் வேண்டாம். மாலையும் பொன்னாடையும் வந்தால் பாட்டுக்கு இருந்த நேரம் அவற்றுக்குப் போய்விடும். பெண்கள் குழுக்களுக்கு முதலிடம் கொடுக்க வேண்டும் என்பது என் மனைவி இக்கடிதத்தில் சேர்க்கச் சொன்னது. நானும் அதையே விரும்புகிறேன்.

பாடப்பட்டவற்றை எழுதி வைக்க ஒருவர் ஒரு கொப்பியோடு இருக்க வேண்டும். அந்தக் கொப்பியின் பிரதிகள் ஊர் வாசிகசாலையிலும், யாழ்ப்பாணம் பொது நூலகத்திலும், வெளிநாட்டில் உள்ள ஊர்க்காரர் ஒருவரின் வீட்டிலும் இருக்க வேண்டும். மூன்று இடம் என்று நான் சொல்வதன் காரணம் இவ்வூர் வாசகர்களுக்கு விளங்கும்.

எங்கள் ஒழுங்கையில் ஐந்து பேர் சேர்ந்துவிட்டோம். அவர்களில் ஒருவர், அன்று ஒலிவாங்கி இல்லாமற் பாடிய அதே முதியவர். பழைய மத்தளத்துக்குத் தோல் போடக் கொடுத்திருக்கிறோம். பாட்டு, இரண்டு ஆண்டுகளாக விளக்கு எரியாத எங்கள் இறங்குதுறையைப் பற்றியது; விடியப்புறம் கரைக்கு வரும் தொழிலாளிக்கு வெளிச்சம் காட்ட அவன் மகள் அரிக்கன் விளக்கோடு வந்து நிற்பதாகத் தொடங்குகிறது. இரண்டு அடிகள் முடிந்துவிட்டன. பிற்பாட்டுக்கு ஆள் போதாது. குருநகர், பாசையூர்ப் பக்கத்தில் குரல் உள்ள எவரும் ஞாயிறு மாலையில் எங்கள் வாசிகசாலைக்கு வரலாம்.

இவ்வண்ணம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
குருநகர், யாழ்ப்பாணம்.